அவர் அளவுக்கு ஜெர்சி இல்லை

எங்கள் பனியன் கம்பெனிக்குக் கனடாவிலிருந்து ஓர் ஆர்டர் வந்திருந்தது. ஐஸ் ஹாக்கி ஜெர்சி. அங்கே வெள்ளையர் அணிகளில் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், கறுப்பர்கள் தங்களுக்கென்று தனி அணிகள் அமைத்து ஆடினார்களாம். அந்தக் கதையை அச்சடித்த அட்டையை ஒவ்வொரு ஜெர்சியிலும் கோத்து அனுப்ப வேண்டும். படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. "என்ன மனுசங்களோ" என்று பேக்கிங் பெண்களிடம் சத்தமாகவே சொன்னேன். அடுத்த ஊர் அநியாயம் என்றால் எனக்குக் கோபம் சுலபமாக வரும்.

குறை இருக்கிறதென்று கழித்துப் போடும் செகண்ட்ஸ் துணிகளை எடைக்கு வாங்க வரும் நைஜீரியாக்காரர் ஒருவர் அந்த அட்டையை நின்று படித்தார். திருப்பூரில் பல வருஷம் இருப்பதால் நம்மூர்த் தமிழே பேசுவார். "நானும் ஹாக்கி ஆடுவேனுங்க. உங்க டீமுல சேத்துக்குவீங்களா?" என்றார். எங்களுடையது ஐஸ் இல்லாத ஹாக்கி. சில முதலாளிகள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளி மைதானத்தில் ஆடுவது. கேப்டன் நான். "தாராளமா வாங்க" என்றேன்.

வந்தார். பந்து அவர் மட்டையை விட்டு நகரவே இல்லை. எங்கள் தொப்பைகளுக்கு மூச்சு வாங்கியது. அடுத்த வாரம் அவிநாசி அணியோடு மேட்ச். இவர் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்று மனக்கோட்டை கட்டினேன்.

அவர் கிளம்பியதும், சாயப்பட்டறை வைத்திருக்கும் எங்கள் கோல்கீப்பர் பக்கத்தில் வந்தார். "தங்கமான மனுசனுங்க, அதுல ஒண்ணுமில்லீங்க. ஆனா மேட்ச்சுக்கு ஊட்டுப் பொம்பளைங்க எல்லாம் வருவாங்க. அப்பறம் ஒண்ணா உக்காந்து சாப்பாடு வேற. பாத்துக்குங்க." யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நானும்தான்.

வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல எங்களுக்கு வராது. மரியாதை குறைந்துவிடுமே. சனிக்கிழமை போன் செய்து, "மன்னிச்சுக்குங்க, உங்க அளவுக்கு ஜெர்சி வரலீங்க" என்றேன். "பரவால்லீங்கண்ணா" என்றார். உலகத்துக்கே பனியன் தைக்கும் ஊரில், ஜெர்சி கம்பெனி முதலாளி சொன்ன பொய் இது.

மேட்சில் தோற்றோம். திங்கட்கிழமை அவர் வழக்கம்போல் குடோனுக்கு வந்தார். கனடா ஆர்டரில் கழித்துப் போட்ட ஜெர்சிகள் குவிந்து கிடந்தன. ஒன்றை உருவித் தோளில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. அந்த அட்டைகூட அதில் தொங்கியது.

"என்ற அளவு இருக்குதுங்களேண்ணா" என்றார். கோபமே இல்லை. எங்களிடம் கற்றுக்கொண்ட அதே மரியாதை. அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் அந்த ஜெர்சியைப் பழைய மடிப்பிலேயே மடித்து என் மேசைமேல் வைத்துவிட்டு, மற்றதை எடை போடச் சொன்னார்.