தேயிலைப் பெட்டியில் பொரித்த குஞ்சுகள்

துரு என்றால் என் வீட்டுக்காரருக்கு ஆகாது. ஆவடியில் தொழிற்சாலை ஃபிட்டர். அங்கே இரும்பை எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து, அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. அரிவாள்மணையைக் கழுவி ஈரத்தோடு வைத்துவிட்டால் போதும், அன்றைக்கு முழுக்க எனக்கு அர்ச்சனைதான். அப்பேர்ப்பட்ட மனிதரின் வாசலில்தான் முட்டைக்கார அக்கா ஒருநாள் வந்து நின்றாள்.

சேக்காட்டிலிருந்து எங்கள் குவார்ட்டர்ஸுக்கு முட்டை விற்க வருபவள். அன்று கூடை இல்லை, முட்டைகளை மடியில் கட்டியிருந்தாள். அடையிலிருந்த கோழி இரை பொறுக்க இறங்கிய நேரம் பார்த்துக் கீரி கவ்விக்கொண்டு போய்விட்டதாம்.

"உள்ள உசுரு கீது கண்ணு. தெருவெல்லாம் கேட்டுட்டேன், யார் ஊட்லயும் அடைக்கோழி இல்ல. இங்க யாராண்டயாச்சும் கீதா?" என்று அழுதாள்.

ஒரு கோழிக்கா இவ்வளவு அழுகை என்று நினைத்தேன். பிறகுதான் விஷயம் வந்தது. அது அவள் மகள் ஆசையாக வளர்த்த கோழி. கல்யாணமாகித் திருநின்றவூர் போனபோது அம்மாவிடம் விட்டுப் போயிருக்கிறாள். அந்தப் பக்கம் யார் ரயிலில் போனாலும் முதலில் கோழியைத்தான் விசாரிப்பாளாம். இப்போது தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரப்போகிறாள்.

"புள்ளத்தாச்சி காதுல இத்த எப்டிம்மா போடுவேன்? குஞ்சுங்களையாவது கையில குடுத்துட்டா தைரியமா சொல்லிடுவேன்."

"அழாதீங்கக்கா, நான் பொரிச்சுத் தர்றேன்" என்றார் இவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல்பு சூட்டில் குஞ்சு பொரிக்கலாம் என்று எங்கோ படித்தாராம். ஆம்லெட் தின்றதைத் தவிர கோழியோடு அவருக்கு எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் பரணிலிருந்த பழைய தேயிலை மரப்பெட்டியை இறக்கி, ஆணியடித்து, பல்பு மாட்டி, வைக்கோல் பரப்பி, முட்டைகளைச் சூடு ஆறுவதற்குள் உள்ளே வைத்துவிட்டார். சூடு பார்க்க எங்கள் வீட்டு ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டர்.

"முட்டைக்கு இன்னா நைனா, ஜுரமா?" என்று அழுகைக்கு நடுவிலும் அக்கா சிரித்துவிட்டாள். போகும்போது ஒரு கரித்துண்டையும் காய்ந்த மிளகாயையும் உள்ளே போட்டாள். அடைவைத்தால் அப்படிப் போடவேண்டும், இல்லாவிட்டால் இடிச் சத்தத்துக்கு முட்டை கெட்டுவிடுமாம். இவர் மறுக்கவில்லை. "கரி நல்லதுதான், ஈரத்தை இழுத்துக்கும்" என்றார்.

முட்டைகளுக்கு ஒரு பக்கம் குங்குமம் வைத்து, மறக்காமல் புரட்டுவது என் வேலை. பெட்டிக்குள் ஒரு பொட்டு ஈரம் சேராமல் பார்ப்பது அவர் வேலை. மழை நாளில் பெட்டியின் வெளிப்புறத்தைக்கூடத் துடைத்தார்.

பொரிக்கிற நாளும் வந்தது. ஓடுகளில் விரிசல் விட்டது, மூக்கு நுனி தெரிந்தது, கீச்சென்ற குரலும் கேட்டது. அதோடு சரி. காலையில் தொடங்கியது மத்தியானமாகியும் நகரவில்லை. ஒரு முட்டையில் குரல் நின்றே போய்விட்டது. லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த மனிதர் பேயறைந்தாற்போல ஆகிவிட்டார். அக்காவுக்கு என்ன பதில் சொல்வது?

நான் ஒரு முட்டையை எடுத்து ஓட்டை வழியாகப் பார்த்தேன். உள்தோல் காய்ந்து குஞ்சின் மேலேயே ஒட்டிக் கிடந்தது. துணியில் ஒட்டிக்கொண்ட இட்லி மாதிரி. அதற்குத் தண்ணீர் தெளித்தால்தானே பெயர்ந்து வரும்.

"ஏங்க, உள்ள ஈரம் வேணும்."

"ஈரமா? ஆணியெல்லாம் துருப்பிடிச்சிடும்."

"பிடிச்சா பிடிக்கட்டும். ஆணியா பொரிக்கப் போகுது?" என்று கத்திவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், முட்டையைப் பார்த்தார். எழுந்துபோய் இட்லித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, தன் கையாலேயே முட்டைகளின் மேல் போர்த்தினார். பல்புக்குக் கீழே கிண்ணத்தில் தண்ணீரும் வைத்தார். அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் வந்த பிரியத்தைச் சொல்லி முடியாது. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் மூன்று குஞ்சுகள் வெளியே வந்து, நனைந்த பஞ்சாய்க் கிடந்து மூச்சு வாங்கின. மற்றவை வரவில்லை.

அக்கா வீட்டில் கரண்ட் கிடையாது. அதனால் குஞ்சுகள் எங்கள் பெட்டியிலேயே இருந்தன. மகள் வந்த மறுநாள் அக்கா அவளை அழைத்துக்கொண்டு வந்தாள். மகள் நிறைவயிற்றோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, குஞ்சுகளை மடியில் விட்டுக்கொண்டாள். அக்கா வாயைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு, குருணை கேட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் பின்னாலேயே சமையற்கட்டுக்குப் போய்விட்டாள்.

"கோழியக் கீரி புட்சது எனக்கு அப்பவே தெரியும்க்கா" என்றாள் மகள் மெதுவாக. "எங்க தெருக்காரரு ரயில்ல வந்து சொல்லிட்டாரு. அம்மா முன்னாடி நான் அழுதுட்டா அது தாங்காது. அதான் கேக்கவே இல்ல."

அக்கா குருணையோடு வந்தாள். மகள் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"ஊட்டாண்ட பூனை தொல்ல. அதான் குஞ்சுங்கள இங்க வுட்டேன். உன் கோழி ஏரிப் பக்கம் மேஞ்சுகினு கீது."

எந்தக் கோழி குஞ்சுகளை விட்டுவிட்டுத் தனியாக மேயப் போகும்?

மகள் அம்மாவின் கையிலிருந்து குருணையை வாங்கிக்கொண்டாள்.

"சரிம்மா. மேஞ்சுட்டு மெதுவா வரட்டும்."