நான் நிரப்பிவிட்ட இடைவெளிகள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதி வெக்ஸ்போர்ட் நூலகத்தில் ஒரு பன்மொழிக் கவிதை வாசிப்பு. ஐலின் என்ற இளம் துருக்கிக் கவிஞரின் கவிதையைத் தமிழில் வாசிப்பது என் பொறுப்பு. அவரே செய்த ஆங்கில வடிவத்திலிருந்து மொழிபெயர்த்திருந்தேன்.

என்ன கவிதை! ஒரு பெண் சமையலறையில் நின்று தங்கையோடு தொலைபேசியில் பேசுகிறாள். கத்தரிக்காய் வதக்கும் பக்குவம், ஊறப்போட்ட சட்டை, கன்றிப்போன ஒரு முழங்கை... அலங்காரமே இல்லை. துருக்கியில் இன்று எழுதும் பெண்கள் சிலர் சமையற்குறிப்பையும் தாலாட்டையும் மருந்துச் சீட்டையும் உடைத்துத்தான் கவிதை செய்கிறார்களாம். ஐலின் சொன்னார். எவ்வளவு துணிச்சல்!

ஆனால் ஒவ்வொரு வரியும் பாதியில் நின்றுவிடும். பிறகு நாலு விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளைத்தாள்.

தமிழ் படிப்பித்த ஆள் நான். சும்மா இருப்பேனா? அரைகுறை வசனங்களையெல்லாம் அழகாக முடித்து வைத்தேன். கைதட்டலும் கிடைத்தது.

தேநீர் இடைவேளையில் ஐலின் வந்தார். தமிழ் தெரியாது, காது இருக்கிறது.

"அவள் பேச்சை நிறுத்தும் இடங்கள் கேட்கவில்லையே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான் நிரப்பிவிட்டேன்" என்றேன், பெருமையாக.

அவர் முகம் வாடியது. "பக்கத்து அறையில் கணவன் இருக்கிறான். அதனால்தான் நிறுத்துகிறாள். நீங்கள் அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டீர்கள்."

புலம்பெயர்ந்து வந்த எங்களுக்குத் தெரியாத விஷயமா இது? யுத்த காலத்தில் ஊரிலிருந்து வந்த அழைப்புகளில், சொல்லாமல் விட்டதுதானே செய்தி? அதையெல்லாம் சரியாக விளங்கிக்கொண்ட நான், ஒரு பெண்ணின் மௌனத்தைக் குறைபாடு என்று நினைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். இன்னொரு தரம் வாசிக்கட்டுமா என்றும் கேட்டேன்.

"வாசியுங்கள். இடைவெளிகளில் மட்டும் அவசரப்படாதீர்கள்" என்றார். "அவன் காலடிச் சத்தம் கடந்து போகட்டும்."

நான் சேர்த்ததையெல்லாம் வெட்டிவிட்டு வாசித்தேன். ஒவ்வொரு இடைவெளியிலும் மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. இந்த முறை யாரும் கைதட்டவில்லை. ஐலின் மட்டும் மெல்லத் தலையசைத்தார்.

திரும்பும்போது காரில் மனைவி தொடங்கினாள். "உதிலை கை வைக்காதேங்கோ எண்டு அப்பவே சொன்னனான். கேட்டால்தானே! வாத்தியார் எல்லோ..."

"ஓம். பிழைதான்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "எனக்கும் உங்களிட்டை ஒண்டு..." என்று இழுத்து, நிறுத்தினாள்.

இத்தனை வருடமும் அவள் வசனங்களை முடித்து வைத்தவன் நான்தான். இந்த முறை வாயைத் திறக்கவில்லை. சிக்னல் பச்சையானது. பின்னாலிருந்தவன் ஹோர்ன் அடித்தான். அதற்குப் பிறகுதான் மிச்சத்தைச் சொன்னாள்.

என்ன சொன்னாள் என்றா கேட்கிறீர்கள்? அந்த இடத்தை நான் நிரப்பப் போவதில்லை.