புவனா அக்காவின் கடைசி வசனம்

செவ்வாய்க்கிழமை காலை, ஜெர்சி சிட்டி அலுவலகத்தில் ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தபோது புவனா அக்காவின் மகள் தாரிணியிடமிருந்து செய்தி வந்தது. "நித்யா ஆன்ட்டி, அம்மா பாஸ்ட் அவே திஸ் மார்னிங்." தாரிணிக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். எழுந்து வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். அழுகை வருவதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது. எங்கள் சீரியலை ஒளிபரப்பும் சேனல்காரர்கள் அனுப்பிய போஸ்டர். மெழுகுவர்த்தி, மாலை, "எங்கள் குடும்பத்தின் தூண் சாய்ந்தது" என்று கொட்டை எழுத்து. அதில் இருந்த படம் எங்கள் படப்பிடிப்பில் எடுத்தது. அக்காவின் தோளில் கைபோட்டு நான் பக்கத்தில் நிற்பேன். என்னை வெட்டியிருந்தார்கள். வெட்டியதையும் ஒழுங்காகச் செய்யவில்லை, என் விரல்கள் நான்கும் அவர் தோளிலேயே இருந்தன.

அப்போது தலைக்கு ஏறியது இன்னும் இறங்கவில்லை. அந்தக் கோபத்தோடுதான் தமிழ்ச் சங்க மலருக்கு இதை எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அறியாதவர்களுக்கு அவர் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

புவனேஸ்வரி நடராஜன் ஈரோட்டுக்காரர். சென்னையில் பல வருடங்கள் டிவி சீரியல்களுக்கு வசனம் எழுதியவர். பாதிக்கு மேல் ஓடுகிற காரில் எழுதியதாகச் சொல்வார். "ஆர்ட்டிஸ்ட் மேக்கப் முடிக்கறதுக்குள்ள அழுகற சீன் ஒண்ணு ரெடி பண்ணிக் குடுத்துருவேன் கண்ணு. எனக்கு அழுகவே நேரம் இருக்காது." கணவரின் வேலைக்காக நியூ ஜெர்சி வந்தார். வேலை பார்க்க அனுமதி இல்லாத விசா. சீரியல் எழுத்தாளருக்கு எடிசன் நகர அபார்ட்மென்டில் எழுத ஒன்றும் இல்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட சண்டைகளையெல்லாம் நோட்டுகளில் எழுதி வைத்தார். அனுமதி கிடைத்ததும் தானே தயாரிப்பாளர் ஆனார். அப்படிப் பிறந்ததுதான் 'பக்கத்துக் கதவு'. ஒரே கட்டடத்தில் வசிக்கும் நான்கு தமிழ்க் குடும்பங்களின் கதை. சனிக்கிழமை சாயங்காலம் இங்குள்ள தமிழ் சேனல் ஒன்றில் ஒளிபரப்பானது. கதை, வசனம், தயாரிப்பு என்று மூன்றுக்கும் நேராக ஒரே பெயர்தான் இருக்கும்.

என்னை அவர் பிடித்தது ஜர்னல் ஸ்கொயர் பக்கத்து மளிகைக்கடையில். அழுகின முருங்கைக்காயைக் கட்டுக்குள் மறைத்து விற்றதற்காகக் கடைக்காரரைக் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வரிசையில் நின்ற ஓர் அம்மா என் கையைப் பிடித்தார்.

"ஏங்கண்ணு, இந்தக் கோபம் எனக்கு வேணும். சனிக்கிழமை ஃப்ரீயா?"

"ஆன்ட்டி, நீங்க யாரு?"

"ஆன்ட்டின்னு கூப்பிட்டா மூணாவது எபிசோட்லயே சாகடிச்சிருவேன். அக்கான்னு சொல்லு."

வங்கி சாஃப்ட்வேரில் பிழை தேடும் கான்ட்ராக்டரான நான் அப்படித்தான் ஜானகி ஆனேன். அந்தக் கட்டடத்தில் யாருக்கு அநியாயம் நடந்தாலும் கதவைத் தட்டிக் கேட்கிறவள் ஜானகி. கடைகளில் என்னை ஜானகி என்றுதான் கூப்பிட்டார்கள். செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்பது பிறகு தெரிந்தது.

படப்பிடிப்பு எங்கள் வீடுகளிலேயே நடக்கும். ஒருவர் வீட்டு ஹால், இன்னொருவர் வீட்டுக் கிச்சன், அலுமினிய ட்ரேயில் புளியோதரை. அக்கா கேமராவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வசனத்தை எடுத்துக் கொடுப்பார். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் எங்கள் எல்லாரையும் போனில் படம் பிடித்துக்கொள்வார். யார் பொட்டு எந்த அளவு, யார் கையில் எத்தனை வளையல், டம்ளரில் காபி எவ்வளவு. அடுத்த ஷாட்டில் ஒன்று மாறினாலும் விடமாட்டார். "பாக்கறவங்களுக்கு நாம முட்டாளாத் தெரியலாம். அவிங்களை நாம முட்டாளாக்கக் கூடாது."

இரண்டாவது வருடம் என் தம்பியாக நடித்த ரமேஷுக்கு அலுவலகத்தில் வேலை போய்விட்டது. அறுபது நாளில் வேறு வேலை கிடைக்காவிட்டால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். கிடைக்கவில்லை. சேனலின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் பாஸ்கர் சுலபமான வழி சொன்னார். நாம் எல்லா சீரியலிலும் பார்த்திருக்கிறோம், "இவருக்குப் பதில் இவர்" என்று ஓர் அட்டை போடுவார்கள், மறுநாள் புது முகம் அதே சட்டையில் சாப்பிட உட்காரும்.

அக்கா எழுந்து நின்றார். "ஆளுக்குப் பதில் ஆள் போடறது உங்க ஆபீஸோட நிறுத்திக்குங்க. என் கதைல ஒருத்தர் போனா, போயிட்டாங்கன்னு கதைக்குத் தெரியணும்." ராத்திரியோடு ராத்திரியாக எழுதாமல், இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு ரமேஷுக்கு ஒரு வழியனுப்புக் காட்சி எழுதினார். அதற்கு ஒரு விதி வைத்திருந்தார். நிற்கிறவர்கள் எதை வேண்டுமானாலும் பேசலாம், கடைசி வசனம் போகிறவருடையது. அதற்கு யாரும் பதில் சொல்லக் கூடாது. கேமரா அங்கேயே நிற்க வேண்டும். ரமேஷ் பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலில் திரும்பி, "அக்கா, குப்பை ட்ரக் வியாழக்கிழமை, மறந்துராத" என்றான். அதை எடுத்த அன்று நாங்கள் யாருமே புளியோதரையைத் தொடவில்லை.

மூன்றாவது வருடக் கடைசியில் அக்காவுக்குப் புற்றுநோய் என்றார்கள். கீமோ ஆரம்பித்த பிறகும் எபிசோடுகள் வந்துகொண்டிருந்தன. கை நடுங்கினால் போனில் பேசிப் பதிவுசெய்து அனுப்புவார். "அக்கா ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார் பாஸ்கர். சென்னையிலிருந்து ஓர் எழுத்தாளரை வைத்தார். பிறகு ஒரு சனிக்கிழமை, அதே டைட்டில் இசை ஓடியது, கதை, தயாரிப்பு என்ற இடத்தில் பாஸ்கரின் பெயர் வந்தது. புவனேஸ்வரி நடராஜன் என்ற பெயர் எங்குமே இல்லை. "இவருக்குப் பதில் இவர்" என்று ஓர் அட்டை போடும் மரியாதைகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் வாட்ஸப் குழுவில் பதினோரு பேர். எல்லாரும் பார்த்தோம். ஒருவர் கைகூப்பும் பொம்மை போட்டார். மற்றவர்கள் அதுகூடப் போடவில்லை. அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எல்லாரும் மேக்கப்போடு வந்து நின்றோம். நானும் நின்றேன். அழுகின முருங்கைக்காய்க்குக் கடையையே இரண்டாக்கியவள், அன்று வாயைத் திறக்கவில்லை. ஜானகியை விட எனக்கு மனசில்லை, அவ்வளவுதான். வேறு காரணம் எதையும் ஜோடிக்க விரும்பவில்லை.

வெட்கம் கெட்டுப்போய் அவரைப் பார்க்கவும் போனேன். தலையில் துண்டு கட்டி, சோபாவில் சாய்ந்திருந்தார். டைட்டிலைப் பற்றி நானாகப் பேச்செடுத்து, "நீங்க ஏன்க்கா சும்மா இருக்கீங்க? ஒரு மெயிலாவது போடலாம்ல?" என்று அவர் மேலேயே பாய்ந்தேன்.

"எனக்கு இப்பக் கோபப்படத் தெம்பு இல்ல. அதுக்குத்தான கண்ணு உன்னைப் பிடிச்சுட்டு வந்தேன்."

அதைச் சொல்லிவிட்டு ஷூட்டிங் எப்படிப் போகிறது என்று விசாரித்தார். மறுபடி ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

வியாழக்கிழமை இறுதிச் சடங்கில் முதல் வரிசையில் பாஸ்கர். மைக்கைப் பிடித்து "எனக்கு அவங்க இன்னொரு அம்மா" என்றார். தாரிணி என் கையை நசுக்கினாள். "இஸ் ஹி சீரியஸ், ஆன்ட்டி?" என்று கேட்டாள். வெளியே பார்க்கிங்கில் பாஸ்கர் என்னைத் தேடி வந்தார்.

"நித்யா, ஒரு ட்ரிப்யூட் எபிசோட் பிளான் பண்றோம். ஜானகி வந்து புவனா அக்கா போட்டோவுக்கு மாலை போடற மாதிரி. செம எமோஷனலா இருக்கும்."

"டைட்டில்ல அவங்க பேரைத் திருப்பிப் போடுவீங்களா?"

"அது லீகல் டீம் பார்க்கணும். எண்ட்ல 'இன் மெமரி ஆஃப்'னு போட்டுக்கலாம். பீ ப்ராக்டிகல்."

கார்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதினால் இந்த மலரில் போடமாட்டார்கள். முடிவில் இனி ஜானகியாக வரமாட்டேன் என்றேன். "சரி, அப்ப கார்ட் போட்டுக்கறோம்" என்று சொல்லிக் காரில் ஏறினார். போடட்டும். எனக்காவது அட்டை கிடைக்கிறது. ஜானகியை விட்டுவிட்டேன் என்று பெருமைப்பட எனக்கு ஒன்றும் இல்லை. ஏழு மாதம் முன்னால் வந்திருக்க வேண்டிய கோபம், அவர் கேட்க முடியாத இடத்துக்குப் போன பிறகு வந்தது.

அக்கா, உங்களுக்கு யாரும் வழியனுப்புக் காட்சி எழுதவில்லை. எனக்கு எழுத வராது, ஆனாலும் இதுதான் அது. நிற்கிறவள் பேசவேண்டியதைப் பேசிவிட்டேன். உங்கள் விதிப்படி கடைசி வசனம் உங்களுடையது. நீங்கள் போவதற்கு ஒன்பது நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனையிலிருந்து அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். உங்கள் பெயர் இல்லாத சீரியலை அங்கே படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறீர்கள். நான் அதற்கு ஒரு கட்டைவிரல் பொம்மை மட்டும் அனுப்பினேன். இப்போது விதிப்படி பதில் சொல்லாமல் நிற்கிறேன். போய் வாருங்கள் அக்கா.

"நித்யா கண்ணு, நேத்து எபிசோட் பாத்தேன். ரசம் ஊத்தறப்ப உன் கைல நாலு வளையல் இருக்குது, தட்டுக்கிட்ட வர்றப்ப மூணுதான் இருக்குது. இப்ப யாரு அங்க போட்டோ எடுக்கறா? சரி, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அடுத்த வாரம் நாலையும் மறக்காமப் போட்டுட்டுப் போ."