செரிக்கட்டும் என்று விட்ட கொசு

கொசுவுக்கு வேண்டுமென்றே ரத்தம் கொடுத்த அசடு நான். ஊரப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தின் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்புக்குப் புது மூடி போட வேண்டும் என்று கார் பார்க்கிங் கூட்டத்தில் வாதாடிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு கொசு என் கையில் உட்கார்ந்தது. அடிக்க வந்த கீழ்வீட்டு டீச்சரைத் தடுத்தேன்.

"வயிறு சிவக்குது பாருங்க. உள்ள டிரிப்சின்னு ஒரு என்சைம் நம்ம ரத்தப் புரதத்தை அமினோ அமிலமா நறுக்கிடும். அதுலதான் முட்டை உருவாகும். முட்டை போட நம்ம சம்ப்புக்குத்தான் வரும்."

மூடிக்குச் சம்மதம் கிடைத்தது. கொசு பாரம் தாங்காமல் மெல்லப் பறந்தது. நானும் பெருமை தாங்காமல் ஏறக்குறைய அப்படித்தான் படியேறினேன்.

மறுநாள் டீச்சர் சொன்னார்: "மூடி வரட்டும் சார். உங்க கொசு எங்க பெட்ரூம்லதான் ஜீரணம் பண்ணிக்கிட்டு இருக்கு."