அம்மாவும் கட்டம்போட்ட சட்டைக்காரரும்

அம்மா எங்களை விட்டுப் போய் இந்தத் தை மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அம்மாவின் நல்ல குணங்களைப் படிக்கத்தான் காத்திருப்பீர்கள். அவையும் இதில் உண்டு. ஆனால் அம்மாவின் வாழ்க்கையை முழுவதும் சொல்வதென்றால், பெயர் தெரியாமலே அவர் இருபத்தைந்து ஆண்டுகள் தேடிய இன்னொருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தம்பியும் நானும் பேசித்தான் இந்த முடிவுக்கு வந்தோம். படித்து முடிக்கும்வரை யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அம்மா பிறந்தது சாத்தூரில். தாத்தா தீப்பெட்டி ஆபீசில் மேஸ்திரியாக இருந்தார். ஐந்து பிள்ளைகளில் அம்மா இரண்டாமவர். பள்ளிப்படிப்பு முடிந்ததும் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தார். அப்பாவுக்குத் தில்லியில் மத்திய அரசு வேலை. கல்யாணமாகிக் கரோல் பாக்கில் ஒரு மாடி அறைக்கு வந்து இறங்கியபோது அம்மாவுக்கு இந்தியில் ஒன்று, இரண்டுகூடத் தெரியாது. ஆறே மாதத்தில் காய்கறிக்காரரோடு சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார். அடுத்த ஆண்டு ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் இருந்தார்.

பிறகு மோதி பாக்கில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. நான் அங்கிருந்த தமிழ்ப் பள்ளியில் படித்தேன். தம்பியை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தார்கள். அதன் பலன், இந்தக் கட்டுரையை அவனுக்கு நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

பத்திரிகையில் வேலை என்றதும் சாத்தூரில் எல்லோரும் அம்மா மந்திரிமார்களைப் பேட்டி எடுப்பதாக நினைத்தார்கள். அம்மாவும் அதைத் திருத்தவில்லை. உண்மையில் அவர் இருந்தது விளம்பரப் பிரிவு. மணமகள் தேவை, வீடு வாடகைக்கு, தொலைந்துபோன சான்றிதழ் ஆகியவற்றோடு இன்னொன்றும் அவர் மேஜைக்கு வரும். வீதியிலும் ரயில் பாதையிலும் கிடைக்கும் அடையாளம் தெரியாத உடல்களைப் பற்றிக் காவல் துறை அனுப்பும் அறிவிப்பு அது. வயது, உயரம், நிறம், உடை, தழும்பு, ஒரு சிறு படம். இமைகளைத் திறந்துவைத்து எடுத்த படங்கள். அதனால் அந்த முகங்கள் எல்லாம் ஏதோ கேட்க வாயெடுத்தவர்கள் மாதிரி இருக்கும்.

அச்சானவற்றை வெட்டி ஒரு நீள நோட்டில் ஒட்டி வைத்தார் அம்மா. சாப்பாட்டு மேஜையில் எங்கள் வீட்டுப்பாட நோட்டுகளுக்குப் பக்கத்திலேயே அதுவும் விரிந்து கிடக்கும். தம்பி பயந்து தட்டைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு ஓடுவான். “எதுக்குடா பயப்படுற? அவங்க வழி தெரியாம நிக்கிறாங்க, அவ்வளவுதான்” என்பார் அம்மா. அவர்களில் ஒருவரைக்கூட அவன், அவள் என்று சொல்ல மாட்டார். எல்லோரும் அவர்தான்.

அம்மாவின் காலில் சக்கரம் என்று உறவில் எல்லோரும் சொல்வீர்கள். அந்தச் சக்கரம் எங்கே போயிற்று என்று உங்களில் பலருக்குத் தெரியாது. அப்பாவுக்கு ஊர் சுற்றிவர அரசு தரும் எல்.டி.சி. சலுகை கிடைத்தால் பக்கத்து வீட்டார் சிம்லா போவார்கள், நைனிடால் போவார்கள். நாங்கள் கட்டிஹாருக்கும் புசாவலுக்கும் ஹர்தோய்க்கும் போவோம். ஒருமுறை நேபாளத்தில் பூட்வல் வரைக்கும்கூடப் போனோம். போன இடமெல்லாம் ஒரு தையல் கடை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து மிட்டாய் தின்போம். அம்மாவுக்குத் தையல்காரர்கள்மேல் அப்படி என்ன பிரியமோ என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இறந்தவரின் சட்டைக் காலரில் தையல் கடையின் பெயரும் ஊரும் இருக்கும். அந்தத் துணித்துண்டை நம்பித்தான் இவ்வளவு பயணமும். அப்பா வாயைத் திறக்காமல் பெட்டிகளைத் தூக்கி வருவார்.

தையல்காரர் வீட்டை அடையாளம் காட்டிவிட்டால் அம்மா மட்டும் உள்ளே போவார். தரையில் உட்கார்ந்து, காணாமல் போனவரைப் பற்றி அவர்கள் வாயாலேயே முழுவதும் சொல்லவைத்துக் கேட்பார். கொடுத்ததைச் சாப்பிடுவார். கடைசியில்தான் கைப்பையைத் திறப்பார். வெளியே இருக்கும் எங்களுக்கு முதலில் ஒன்றும் கேட்காது, பிறகு அழுகை கேட்கும். அந்த நோட்டில் பதினோரு படங்களுக்குக் கீழே அம்மா பெயர் எழுதியிருக்கிறார். பன்னிரண்டாவதில் எழுதிய பெயரை அவரே அடித்துவிட்டார்.

அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தேன். ஒரு மார்கழியில், குளிரில் இறந்துபோன ஓர் இளைஞரின் அறிவிப்பு வந்தது. பச்சைக் கட்டம்போட்ட சட்டை. காலரில் ஹர்தோய் பக்கத்து ஊர் ஒன்றின் தையல் கடைப் பெயர். பொங்கல் விடுமுறையில் அம்மா கிளம்பினார், நானும் கூடப் போனேன். தையல்காரர் படத்தைப் பார்த்ததும், இது தில்லிக்கு வேலைக்குப் போன சோட்டேலாலுக்குத் தைத்த சட்டை என்றார். சோட்டேலாலின் தாயும் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மார்போடு அணைத்துக்கொண்டார். படத்தில் இருந்தவருக்கு இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. மகனுக்கு அது கிடையாது. போன இடத்தில் பட்டிருக்கும் என்று அந்தத் தாயே சொன்னார். அம்மா அதை நோட்டில் குறித்துக்கொண்டார், நின்று யோசிக்கவில்லை. உடலைக் காவல் துறையினர் முன்பே தகனம் செய்திருந்தார்கள். அவர்கள் வீட்டில் காரியம் நடந்தது, சோட்டேலாலின் பழைய படத்துக்கு மாலை போட்டார்கள். அம்மா இருந்து முடித்துவிட்டு வந்தார்.

ஹோலி முடிந்து ஒரு வாரத்தில் தையல்காரரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. சோட்டேலால் குஜராத்தில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டான் என்று எழுதியிருந்தார்.

அம்மா அதை இரண்டு முறை படித்தார். குக்கர் விசிலடித்துக்கொண்டே இருந்தது, எழுந்து அணைக்கவில்லை. “ஒருத்தரு சாவ எடுத்துட்டுப் போயி இன்னொருத்தரு வீட்ல குடுத்துட்டேனே” என்றார். அம்மா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோட்டேலாலே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மாலை போட்ட படத்தில் பார்த்த முகம் கதவுக்கு வெளியே நிற்கிறது. நான் பாதிக் கதவைச் சாத்திவிட்டேன். அம்மா மட்டும் நிதானமாக உள்ளே கூப்பிட்டு ரொட்டி சுட்டுப் போட்டார். தன்னை இறந்தவர் என்று சொன்ன அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்றார் சோட்டேலால். வெகுநேரம் பார்த்தார். ஜாடை தன்னைப் போலத்தான் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். தில்லியில் ஏழைகள் குளிருக்கு ஒதுங்கும் ஓர் இடத்தில், பக்கத்தில் படுத்திருந்தவன் பனியனோடு நடுங்கியதைப் பார்த்துத் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தாராம். மறுநாள் மேஸ்திரி குஜராத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். அந்த ஆள் என்ன பாஷை பேசினான் என்று அம்மா துருவித் துருவிக் கேட்டார். புரியாத பாஷை, மறுபடி கேட்டால் கண்டுபிடித்துவிடுவேன் என்றார் சோட்டேலால்.

அவருடைய நிலைமைதான் கொடுமை. தாய் அவரை ஏற்கவே இல்லை. என் மகன் மார்கழியிலேயே போய்விட்டான், இது வேறு யாரோ, அவன் மாதிரி வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஊரார் சொல்லியும் படத்து மாலையைக் கழற்றவில்லை. காவல் நிலையத்திலிருந்து அம்மா வாங்கித் தந்த சட்டையைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தார். திதிக்குத் திதி மகனுக்குப் படையல் போடுவார். மீந்ததை வாசலில் உட்கார்த்தி இவருக்கும் போடுவார். தனக்கு வைத்த படையலைத் தானே சாப்பிடுவதாகச் சொல்லிச் சோட்டேலால் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. இறந்தவர் இன்னார் என்று தெரிந்து, அவருடைய ஊரும் பேரும் காட்டினால் ஒருவேளை தாய் நம்புவார் என்பது ஒன்றே அவருக்கு இருந்த வழி. அம்மா வாக்குக் கொடுத்தார்.

கொடுத்த வாக்கை அம்மா விடவில்லை. சோட்டேலால் தில்லியிலேயே சௌக்கிதாராக, காவலாளி வேலையில் அமர்ந்தார். அம்மா அவரை அழைத்துக்கொண்டு வங்காளிகளிடம் போனார், ஒரிசாக்காரர்களிடம் போனார், அசாம்காரர்களைப் பேசவைத்தார், நேபாளிகளைப் பேசவைத்தார். எதைக் கேட்டாலும் சோட்டேலால் தலையை ஆட்டி இல்லை என்பார். ஓய்வு பெற்று, அப்பாவும் காலமாகி, துவாரகாவில் தனியாக இருந்த நாளிலும் அம்மா பயணத்தை நிறுத்தவில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் தனக்குக் காரியம் நடந்த தேதியில் சோட்டேலால் கஜக் மிட்டாய்ப் பொட்டலத்தோடு வருவார். அவர் வந்தால் வீட்டில் எல்லோரும் இந்தியில்தான் பேச வேண்டும். வந்தவருக்குப் புரியாத பாஷையில் பேசுவது மரியாதையில்லை என்பது அம்மாவின் சட்டம். அவர் முன்னால் நான் ஒரு வார்த்தை தமிழில் பேசினால் முறைப்பார்.

கடைசி மாதங்களில் அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போயிற்று. தில்லிப் புகையும் குளிரும் சேர்ந்து அவரைப் படுக்கையில் தள்ளின. அப்போதுதான் கட்டிலின் கால்மாட்டில் இருந்த காலி நாற்காலியோடு பேசத் தொடங்கினார். “போத்திக்கங்க. ஏன் அப்படியே உக்காந்திருக்கீங்க?” என்பார். தன் கம்பளியைக் காலால் தள்ளித் தள்ளி அந்தப் பக்கம் அனுப்புவார். நாங்கள் எடுத்துப் போர்த்திவிட்டால் கோபம் வரும். அப்பாவோடு பேசுகிறார் என்று தம்பி சொன்னான், நானும் நம்பினேன். ஒரு காலையில் அந்த நாற்காலியைத் துடைக்கப் போனபோது அதன் பிளாஸ்டிக் பனிக்கட்டி போலச் சில்லென்றிருந்தது. அறையில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அன்று மாலை அம்மா போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சாத்தூரிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். சோட்டேலாலும் வந்து, வராந்தாவின் ஓரத்தில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கென்று கீசர் ஓடவில்லை. அம்மாவின் கடைசித் தம்பியான மாமா பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுத் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து பெரியப்பாவிடம், “ரொம்பக் குளுருதுண்ணே” என்றார்.

சோட்டேலால் கிளாஸைக் கீழே வைத்தார். எழுந்துபோய் மாமாவுக்கு நேரெதிரே நின்று, இன்னொரு முறை சொல்லுங்கள் என்று இந்தியில் கேட்டார். மாமா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் தமிழில் சொன்னேன். மாமா தயங்கித் தயங்கி அதையே சொன்னார். சோட்டேலால் கண்ணை மூடிக்கொண்டு, “ரொம்பக் குளுருதுண்ணே” என்றார். இந்தி தவிர ஒன்றும் அறியாத அந்த வாயிலிருந்து, அட்சரம் பிசகாமல், நம்ம ஊர் இழுவையோடு ஓர் இளைஞனின் குரல் வந்தது. சோட்டேலாலுக்கு ஐம்பது வயது.

“யஹீ போல்தா தா, தீதி” என்றார் என்னிடம். இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான் அக்கா, இரவு முழுவதும் இதையேதான் சொன்னான் என்று அழுதார். மாமாவின் முகம் வெளுத்திருந்தது. “நம்ம பக்கத்துப் பையந்தாம்மா” என்றார்.

அம்மா கிழக்கே தேடினார், வடக்கே தேடினார், தெற்கே மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. தில்லித் தமிழர் என்றால் ஃபைலும் பேனாவுமாக குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள், நம்மவர் ஒருவர் பனியனோடு குளிரில் கிடப்பார் என்று அம்மாவுக்குத் தோன்றவே இல்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. எங்கள் வீட்டு மரியாதை வேறு குறுக்கே நின்றுவிட்டது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், சோட்டேலாலுக்கு எதிரில் நாங்கள் தமிழில் சண்டை போட்டிருந்தால் போதும். அம்மாவின் நல்ல குணங்களை எழுதுகிற இடத்தில் இதையும் எழுதினால்தான் அம்மாவுக்குச் செய்யும் நியாயம்.

அம்மாவின் நோயில் உடனிருந்த மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், மூன்று வேளையும் கஞ்சி வைத்துத் தந்த கீழ்வீட்டு பஞ்சாபி ஆன்ட்டிக்கும், இறுதிச் சடங்கில் தோள்கொடுத்த அண்டை அயலாருக்கும், நெடுந்தூரம் ரயிலேறி வந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இறந்தவர் படத்தோடு இன்னொரு பிணத்தின் சமாசாரத்தையும் சேர்ப்பது ஆகாது என்று பெரியப்பா வருத்தப்பட்டார். அவருக்காக அந்த இளைஞரின் படத்தை அச்சிடவில்லை. அது என்னிடம் இருக்கிறது, கேட்பவர்களுக்குக் காட்டுவேன். சோட்டேலாலின் தாய் இன்னும் உயிரோடு இருக்கிறார். மாலையும் அந்தச் சுவரில் அப்படியே இருக்கிறது. உங்கள் தெருவிலோ பக்கத்து ஊரிலோ, வடக்கே வேலைக்குப் போய்த் திரும்பாத பையனுக்காகக் கதவைத் தாழிடாமல் காத்திருக்கும் வீடு இருந்தால் எங்களில் யாரிடமாவது சொல்லுங்கள். அம்மா எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பாரோ அப்படியே கீழே எழுதியிருக்கிறேன். கடைசி இரண்டு வரிகள் மட்டும் அவருக்குத் தெரியாதவை.

அடையாளம் தெரியவில்லை. ஆண். வயது சுமார் இருபத்தைந்து. உயரம் ஐந்தடி நான்கங்குலம். மாநிறம், ஒல்லியான உடல். இடது புருவத்தில் பழைய வெட்டுத் தழும்பு. இருபத்தாறு ஆண்டுகளுக்குமுன் ஒரு மார்கழியில் தில்லியில் இறந்தார். உடம்பிலிருந்த சட்டை அவருடையதன்று. பேசியது தமிழ். பக்கத்தில் படுத்திருந்தவரை அண்ணே என்று அழைத்தார்.