செல்வப்பிரியாவின் பெயரில் ஒரு திருத்தம்

ரத்தத்தைப் பார்த்தால் செல்வப்பிரியாவுக்குத் தலை சுற்றும். ஆனாலும் ஆஸ்பத்திரி வேலைதான் வேண்டும் என்று இருந்தாள். நோயாளிகளின் பதிவுகளைப் பராமரிக்கத் தனியாக ஒரு படிப்பு உண்டு என்று சொல்லி விண்ணப்பம் வாங்கி வந்தவள், பள்ளித்தோழி அனுப்பிரியா. இருவரும் சேர்ந்தே படித்தார்கள். கஞ்சிக்கோட்டுக்கு அருகே ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு அறையில் ஒரே நாளில் வேலைக்கும் சேர்ந்தார்கள்.

நான்காம் வருடம் மருதாத்தாள் என்ற பெண் வந்து, ஆஸ்பத்திரி கொடுத்த பதிவு நகல் ஒன்றை நீட்டினாள். அவள் கணவர் மாரப்பனுக்கு ஆலை இயந்திரத்தில் மூன்று விரல்கள் போயிருந்தன.

"ஏனுங்க அம்மிணி, எம்பட ஊட்டுக்காரரு ஊட்டுல வழுக்கி உழுந்தாருன்னு இதுல இருக்குதாமா. நட்டஈடு கேக்கப் போனப்ப லேபர் ஆபீசுல படிச்சுச் சொன்னாங்க. மிசின்ல மாட்டுனதுன்னு டாக்டருகிட்ட அன்னைக்கே சொன்னமுங்க."

அந்தப் பதிவைக் கணினியில் ஏற்றியதே செல்வப்பிரியாதான். இயந்திரம் என்றுதான் ஏற்றியிருந்தாள். மாற்றியது யார் என்று தேடினாள். தன் பெயரே வந்தது. அந்தத் தேதியில் அவள் தம்பி கல்யாணத்துக்காக விடுப்பில் இருந்தாள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பாஸ்வேர்டை அனுப்பிரியாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

அனுப்பிரியா மறுக்கவில்லை. "மேனேஜர் மாத்தச் சொன்னாரு புள்ள. அந்த ஆலைக் கம்பெனி ஆளுக எல்லாம் நம்ம ஆஸ்பத்திரிக்குத்தான் வர்றாங்களாமா."

"உன்ற பேருல மாத்தியிருக்கலாமல்லோ?"

"பயமா இருந்துச்சு. நீ லீவுலதான இருந்தே..."

மேனேஜர் மேல் கோபம்தான் வந்தது. ஆனால் இவள் யோசித்து, தன் பெயரை விட்டுவிட்டு இன்னொருத்தி பெயரை எடுத்திருக்கிறாள். அதைத்தான் செல்வப்பிரியாவால் தாங்க முடியவில்லை.

டாக்டர் கைப்பட எழுதிய கேஸ் ஷீட்டை அலமாரியிலிருந்து எடுத்து, நேரே ஆஸ்பத்திரி சூப்பரண்டிடம் போனாள். பாஸ்வேர்டைக் கொடுத்தது தன் தவறு என்றும் எழுதிக் கொடுத்தாள். விசாரணையில் அனுப்பிரியா எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார்" என்றாள். செல்வப்பிரியா அவளையே பார்த்தாள். அவள் திரும்பவில்லை.

டாக்டர் தன் கையெழுத்தை ஒப்புக்கொண்டதால் பதிவு திருத்தப்பட்டது. மருதாத்தாளுக்குப் புதிய நகல் கிடைத்தது. பாஸ்வேர்டைக் கொடுத்ததற்காகச் செல்வப்பிரியாவுக்கு வேலை போனது.

இப்போது கோயம்புத்தூரில், நோய்ப் பதிவுகளுக்குக் குறியீட்டு எண் போடும் ஒரு மெடிக்கல் கோடிங் கம்பெனியில் இருக்கிறாள். பக்கத்து இருக்கைப் பெண்கள் பேசினால் பேசுவாள். கூடச் சாப்பிடப் போவதில்லை. போன மாதம் அனுப்பிரியா போனில் அழைத்தாள்.

"ஏம் புள்ள, இன்னும் கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. இனிமேல் கூப்புடாதே."