ஆணியிலிருந்து இறங்கிய பெல்ட்

நாலு வருஷம் போர்முனையில் இருந்துவிட்டு வீடு திரும்பும் மனிதன் முதலில் யாரைத் தேடுவான்? பெற்றவளை, பெண்டாட்டியை, தவழும் வயதில் விட்டுப்போன மகளை. இவனோ கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியைத் தேடினான்.

ஆணி இருந்தது. அதில் தொங்க வேண்டிய தோல் பெல்ட் இல்லை.

“என் பெல்ட் எங்கடி?”

முதுகில் இருந்த மூட்டையைக்கூட அவன் இன்னும் இறக்கவில்லை. தண்ணீர் டம்ளரை நீட்டிய கை நீட்டியபடியே நிற்க, அவன் பெண்டாட்டி சொன்னாள்: “ஃபாக்டரியில ஓடிட்டிருக்கு.”

மாமியார் இந்த நாளுக்காகவே காத்திருந்தவள். மகன் போன பிறகு மருமகள் ஆம்பளை வேலைக்குப் போனது, எண்ணெய் நாற்றத்தோடு வீடு வந்தது, எதிர்த்துப் பேசக் கற்றது என்று ஒன்றுவிடாமல் வாசலிலேயே ஒப்பித்துவிட்டாள். மகள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, அப்பா என்று சொல்லப்பட்ட அந்த மனிதனை எட்டிப் பார்த்தாள்.

அந்தப் பெல்ட்டைப் பற்றிச் சொன்னால்தான் அவளைப் பற்றிச் சொல்ல முடியும். மூன்று விரல் அகலம், எருமைத்தோல், பித்தளைக் கொக்கி. அவன் ஊரில் இருந்த காலத்தில் வாரத்துக்கு ஒருமுறையாவது அது ஆணியை விட்டு இறங்கும். சாப்பாடு ஆறியிருந்தால் இறங்கும். பதில் சொன்னால் இறங்கும், சொல்லாவிட்டால் அதற்கும் இறங்கும். அவன் இடுப்பில் கிடந்த நேரத்தைவிட அவள் முதுகில் விழுந்த நேரம்தான் அதிகம். பட்டாளத்தில் வேறு பெல்ட் கொடுத்ததால் அவன் போகும்போது இது ஆணியிலேயே தங்கிவிட்டது.

தண்ணீர் பம்புகளுக்கு இரும்புத் தண்டு கடையும் ஃபாக்டரி அது. ஆண்கள் போருக்குப் போனதும் கடையும் மெஷின்களான லேத்துகள் வரிசையாகச் செத்துக் கிடந்தன. அதுவரை பெண்களைத் தரை கூட்ட மட்டுமே உள்ளே விட்ட ஃபோர்மேன், இப்போது வாசலில் நின்று வருகிறவள் போகிறவளை எல்லாம் கூப்பிட்டார். அவள் போனாள். ஆணின் உயரத்துக்குச் செய்த கைப்பிடி எட்டவில்லை. ஒரு பலகைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றாள். சுடச்சுடத் தெறித்த இரும்புச் சுருள்கள் மணிக்கட்டில் போட்ட சூடுகளைப் பார்த்து, “வளையல் நல்லாருக்கு” என்றாள் பக்கத்து மெஷின்காரி. எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவள் என்பதால் அவளுக்குச் சிரிப்புக்காரி என்று பெயர். மற்றவர்களுக்கு அங்கே பெயரே கிடையாது. எந்த மெஷினோ அந்த நம்பர். பட்டாளத்துக்குப் போகுமுன் அவள் புருஷன் ஓட்டியது ஏழாவது லேத், அவன் ஏழாம் நம்பர். அவன் போன பிறகு அவள் ஏழாம் நம்பர்.

இரண்டாம் வருஷம் லேத்தைச் சுழற்றும் தோல்பட்டை அறுந்தது. ஊரில் இருந்த தோலெல்லாம் பட்டாளத்து பூட்ஸுக்குப் போய்விட்டது. மெஷினை மூடிவிடலாம் என்றார் ஃபோர்மேன். அவள் மத்தியான இடைவேளையில் வீட்டுக்கு ஓடினாள். ஆணிக்கு முன்னால் நின்றபோது, அவன் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தும் முதுகு தானாக வளைந்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். கொக்கியை வெட்டி எறிந்துவிட்டு, அறுந்த பட்டையோடு சேர்த்து மெழுகு நூலால் தைத்தாள்.

மெஷின் ஓடியது. தையல் விழுந்த இடம் சக்கரத்தைக் கடக்கும்போதெல்லாம் ‘டக்’ என்று ஒரு சத்தம். மெஷினின் சுழல்தண்டைத் தாங்கும் பித்தளை வளையமான புஷ் தேய்ந்து போயிருந்தது, மாற்ற வேறில்லை. பட்டை இறுக்கமாக இருந்தால் புஷ் சூடாகிச் சுழல்தண்டைக் கவ்விவிடும். இந்த ஒட்டுப் பட்டையோ கொஞ்சம் தளர்வு. பாரம் கூடினால் வழுக்கிவிடும். ‘டக்’ மந்தமானால் கடையும் உளியைப் பின்னுக்கு இழுப்பாள். காதால்தான் அந்த மெஷினை ஓட்டினாள். “என்னை எவ்வளவு அடிச்சிருப்பே, இனிமே எனக்காக ஓடு” என்று அதைப் பார்த்து மனசுக்குள் சொல்வாள்.

இப்போது போர் முடிந்துவிட்டது. திரும்பி வந்த ஆண்களுக்கு அவரவர் மெஷின் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். பெண்கள் தாங்களாகவே விலகுவதாக ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். பதினேழு பேர் போட்டார்கள். சிரிப்புக்காரி கிரீஸ் துணியால் கண்ணைத் துடைத்துத் துடைத்து முகமெல்லாம் கரியாகி நின்றாள். அன்று யாரும் சிரிக்கவில்லை. ஏழாம் நம்பர் மட்டும் பேனாவைத் தொடவில்லை. அந்தப் பலகைப் பெட்டியை விட்டு இறங்கினால் நேராகப் போய் நிற்க வேண்டிய இடம் அந்த ஆணிக்குக் கீழே என்பது அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை புருஷன் ஃபாக்டரிக்கு வந்தான். பெட்டியை ஓர் உதை விட்டுத் தள்ளினான். மேலே சுற்றிய பட்டையில் தன் பெல்ட்டை அடையாளம் கண்டதும் மெஷினை நிறுத்திக் கத்தியால் அறுத்து எடுத்தான். கொக்கி இல்லாததால் கம்பியால் முடிந்து, எல்லோர் கண்ணெதிரிலும் இடுப்பில் கட்டிக்கொண்டான். போர் முடிந்து வந்திறங்கிய புதுப்பட்டையை ஃபோர்மேன் எடுத்துக் கொடுத்தார்.

“புதுசு போட்டா இழுத்துப் பிடிக்கும், புஷ் தாங்காதுங்க” என்றாள் அவள்.

“மெஷினுக்கு வைத்தியம் பாக்குறா பாருங்கடா” என்றான். திரும்பி வந்த ஆண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அவள் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். இரும்புச் சுருளைக் கூட்டிக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருந்தாள். ‘டக்’ இல்லை. அதற்குப் பதில் மெல்லிய ஒரு முனகல். மூன்றாவது தண்டு பாதி கடைந்தபோது எண்ணெய் கருகும் வாடை வந்தது. புகை. கிறீச்சென்று அலறிவிட்டு மெஷின் நின்றே போயிற்று.

“இவதான் கெடுத்து வச்சிருக்கா! மெஷின் எனக்குப் போகக்கூடாதுன்னு வேணும்னே பண்ணியிருக்கா” என்று கத்தினான். ஃபோர்மேனுக்கும் பழி போட ஓர் ஆள் தேவைப்பட்டது. பெண் தொழிலாளி மெஷினைச் சேதப்படுத்தினாள் என்று தாளில் எழுதவே தொடங்கிவிட்டார். அந்தத் தாள் முதலாளியின் மேஜைக்குப் போனால் இந்த ஊரில் எந்தப் பட்டறையும் அவளை வாசலில் சேர்க்காது.

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

“எழுதுங்க சார். வெள்ளிக்கிழமை முப்பது தண்டு போயாகணும். அதையும் யார் கடையறாங்கன்னு அதுலயே எழுதிடுங்க.”

பேனா நின்றது. அந்தத் தண்டுகள் ஆஸ்பத்திரி பம்புகளுக்கு. தவறினால் முதலில் போவது ஃபோர்மேனின் நாற்காலிதான். சரி பண்ண முடியுமா என்று கேட்டார். புஷ்ஷைச் சுரண்டிச் சரி செய்துவிடலாம், அரை நாள் ஆகும், ஆனால் பழைய பட்டைதான் வேண்டும் என்றாள். அப்புறம் நிபந்தனைகளைச் சொன்னாள். எழுதிய தாளின் பின்பக்கத்தில், ஏழாம் நம்பர் லேத் இவளுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்து, புருஷன் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை, மரியாதையையும் குறைக்கவில்லை.

“பெல்ட்டக் கழட்டிக் குடுங்க.”

அவன் ஃபோர்மேனைப் பார்த்தான். ஃபோர்மேன் தாளைத் திருப்பிப் போட்டு எழுதிக்கொண்டிருந்தார். நண்பர்களைப் பார்த்தான், அவர்கள் தங்கள் மெஷின்களைப் பார்த்தார்கள்.

எத்தனையோ முறை அவளுக்கு எதிரில் அந்தப் பெல்ட்டைக் கழற்றியவன்தான். இந்த முறை விரல்களுக்குக் கம்பி முடிச்சு பிடிபடவில்லை. ஒரு கையால் பெல்ட்டை நீட்டி, மறு கையால் நழுவுகிற கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். “சாவுடி” என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

“தச்சுட்டு வரேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமை முப்பது தண்டுகளும் போயின. அதன் பிறகு பதினோரு வருஷம் அந்த ஷெட்டில் அவள் ஒருத்திதான் பெண். அவளுடைய தேநீரில் இரும்புத்தூள் கிடந்தது. பலகைப் பெட்டியை மாதம் ஒருமுறை யாராவது உடைத்தார்கள். மாதம் ஒருமுறை அவள் ஆணி அடித்துச் சரி செய்தாள். புருஷன் துளையிடும் மெஷினுக்குப் போனான். வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டான். கையை மட்டும் ஓங்கவில்லை. மாமியார் சாகும்வரை அவள் கையால் தண்ணீர் வாங்கவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் ஃபாக்டரி வாட்ச்மேன் வந்து, மெஷினில் ஏதோ கோளாறு, ஃபோர்மேன் உடனே வரச் சொன்னார் என்று வாசலில் நின்று குரல் கொடுத்தான்.

“ஏழாம் நம்பர்!”

பழைய ஞாபகத்தில் புருஷன் விருட்டென்று எழுந்தான். அதற்குள் அவள் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியிலிருந்து தன் எண்ணெய்ச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வாசல் இறங்கியிருந்தாள். அவன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மகள் பார்க்கிறாள் என்று தெரிந்து உட்கார்ந்துகொண்டான்.